சாரல் விழாவில் குறவஞ்சிக்கு ஒரு மாலை

குற்றாலத்தில் அரசு எடுக்கும் விழாவிற்குச் 'சாரல் விழா' என்று பெயர். நல்ல தமிழ்ப்பெயர். ஆனித் திங்கள் பிறந்ததும் தென்காசிப் பேருந்து நிலையத்தில் "சீசன் தொடங்கிவிட்டதா?" என்று வினவிக்கொள்ளும் நம் மக்களிடையே, அழைப்பிதழிலேனும் சாரல் என்னும் சொல் நின்று நிலவுகின்றதே என மகிழ்கின்றோம். பெயரில் எமக்குக் குறையில்லை.

அவ்விழாவில் மெல்லிசை உண்டு; கோலப் போட்டி உண்டு; படகுப் போட்டியும் கொழுகொழு குழந்தைப் போட்டியும் நடந்துள்ளன; நாய்க் கண்காட்சியுங்கூட நடந்தது. இவை வேண்டா என்று யாம் கூறவில்லை. அருவியாட வந்தோர் கூடிக் களிப்பதில் பிழை என்ன? ஆனால், குற்றாலம் தமிழுக்குத் தந்த நூல் ஒன்று உளது. அஃது ஆண்டுதோறும் தவறாது, முதலிலிருந்து முடிவுவரை, அம்மேடையில் நடிக்கப்பெறல் வேண்டும். இதுவே எம் வேண்டுகை.

மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் யாத்த குற்றாலக் குறவஞ்சியையே கூறுகின்றேன். அந்நூலே ஒரு விழாவில்தான் தொடங்குகின்றது. கட்டியக்காரன் வந்து இறைவன் உலா வருதலை அறிவிக்கின்றான், ஊர்ப்பெண்டிர் திரள்கின்றனர், பந்தாடி நின்ற வசந்தவல்லி உலாவைக் கண்டு உள்ளம் இழக்கின்றாள். பின்னர்க் குறத்தி சிங்கி வந்து மலைவளம் கூறிக் கைபார்த்துக் குறிசொல்கின்றாள். அவளைத் தேடி வருவோன் பறவை பிடிக்கும் சிங்கன். அவன் தோழன் நூவன். புதிய அணிகலன்கள் பூண்டு நிற்கும் சிங்கியிடம், அவை இன்னவென்று அறியாத சிங்கன் ஒவ்வொன்றாய் வினவுவதும், அவள் குறும்பாக விடையிறுப்பதும் எழுத்தறியாதாரையும் வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும். பாடவும் ஆடவுமென்றே சிந்தும் கண்ணியுமாய் எழுந்த இந்நூலை நாம் தேர்வுக்குரிய செய்யுட்பகுதியாகச் சுருக்கிவிட்டோம். வகுப்பில் இதனை நடத்துங்கால், மேலகரத்திலிருந்தே வரும் மாணவன் ஒருவனை, "இக்கவிராயர் எவ்வூரினர்?" என்றேன். மதுரை என்றான்.

மதுரையை 1706 முதல் 1732 வரை ஆண்ட முத்து விசயரங்க சொக்கநாத நாயக்கர் இந்நூலைப் பாராட்டிக் கவிராயர்க்கு நிலம் வழங்கினார். 'குறவஞ்சிமேடு' என்பது அந்நிலத்தின் பெயர். நாயக்கரின் தாய்மொழி தெலுங்கு. தமிழ்நூலுக்கு அவர் நிலம் கொடுத்தார். தமிழ்நாட்டரசை யாம் கேட்பதோ மூன்று மணிநேரம்! 1944-இல் சென்னைக் கலாசேத்திராவில் உருக்குமணி தேவி இதனை நாட்டிய நாடகமாக அமைத்தார். அடையாற்றங்கரையில் ஆடப்பெற்றது அருவிக்கரையில் ஆடப்பெறுதல் அத்துணை அரிதா?

நம்மவருள்ளேயே சிலர், அந்நூலில் வடசொல் மிகுதி, கடவுள் வழுத்து மிகுதி என முகஞ்சுளிப்பர். உண்மைதான். திரிகூடம் என்னும் பெயரே வடசொல். முக்குடுமி மலை என்றால் எவ்வளவு அழகு! ஆயினும், சிங்கியும் சிங்கனும் வாய்திறந்தால் நாம் கேட்பது குன்றத்து மக்களின் உயிர்த்தமிழ். கல் கிடக்கின்றதென்று நெல்லையே கொட்டிவிடுவார் உண்டோ?

2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமாயிற்று. விழா நிரலை நெல்லையில் இருந்தோர் வகுத்தனர் என்று சாக்குச் சொல்ல இனி இடமில்லை. பெரும்பொருள் செலவிட்டுச் சென்னையிலிருந்து குழுவினரை வரவழைக்கவும் வேண்டா. மேலகரம், இலஞ்சி, தென்காசிப் பள்ளிப் பிள்ளைகளே நடிக்கட்டும். இவ்வட்டாரத்து வில்லிசைக் கலைஞர் பின்னணி பாடட்டும். அன்பர்கள் அடுத்த ஆனிக்கு முன்னரே மாவட்ட ஆட்சியர்க்கு மடல் எழுதுக. திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் நேரிற் சென்று கொடுத்தல் இன்னும் நன்று.

என் வகுப்பில் சிங்கனாக நடிக்க இருவர் இப்போதே போட்டியிடுகின்றனர். நூவனுக்குத்தான் ஆள் அமையவில்லை.