அன்சாரிகள் யார்?



சென்ற வாரம் எங்கள் சிந்தாதிரிப்பேட்டை மத்ரஸாவில் ஹிஜ்ரத் பற்றிய பாடம் நடந்தது. "ஹஜ்ரத், முஸ்லிம் அல்லாதவர்களும் ஹிஜ்ரத் செய்திருக்கிறார்களா?" என்று ஒரு சிறுவன் வினவினான். மார்க்கத்தில் அச்சொல்லுக்குத் தனிப் பொருள் உண்டு. அதை விளக்கிவிட்டு, ஈமானுக்காக ஊர் துறந்தவர்கள் பிற சமயங்களிலும் உண்டு என்று வியட்நாமைப் பற்றிக் கூறினேன்.

அது நமக்கு அந்நியமான நாடன்று. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் காரைக்கால், நாகூர்ப் பக்கங்களிலிருந்து எத்தனையோ பேர் சைகோனுக்குச் சபர் சென்று ஜவுளி வியாபாரம் செய்தார்கள். அந்நகரின் நடுவே இன்றும் நிற்கும் பள்ளிவாசல் 1935-இல் தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பியது. சைகோன் என்றதும் நமக்குச் சம்பாத்தியந்தான் நினைவுக்கு வருகிறது. அம்மண்ணின் மக்கள் பட்ட பாட்டை நாம் பேசுவதில்லை.

1946 நவம்பரில் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் ஹைபோங் துறைமுக நகரின்மீது குண்டு பொழிந்தன. பிழைத்தவர்கள் கிராமங்களுக்கு ஓடினர். பின்னர் போர் கிராமங்களுக்கும் வந்தது. எட்டாண்டுகளுக்குப் பின், 1954 ஜூலையில் ஜெனீவாவில் உடன்பாடு ஏற்பட்டு, 17-ஆம் அட்சரேகையில் நாடு பிளக்கப்பட்டது. விரும்பிய பக்கம் செல்ல மக்களுக்கு 300 நாள் தவணை. இதைக் கண்காணித்த சர்வதேசக் குழுவுக்கு நம் இந்தியாவே தலைமை வகித்தது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வடக்கிலிருந்து தெற்கே சென்றனர். பெரும்பாலோர் கத்தோலிக்கர், தம் வழிபாட்டுக்கு இனி இடமிராது என அஞ்சி, பாதிரியாரோடு ஊர் ஊராகக் கப்பலேறியவர்கள். தெற்கிலிருந்து வடக்கே சென்றோரும் ஒரு லட்சத்துக்கு மேல். 1956-இல் தேர்தல் வரும், திரும்பிவிடலாம் என நம்பி மனைவி மக்களை விட்டுச் சென்றோர் அவர்களுள் பலர். தேர்தல் நடக்கவேயில்லை. மீண்டும் முகம் பார்க்க இருபது ஆண்டுகள் ஆயின.

சிறுவன் விடவில்லை. "மதீனாவில் அன்சாரிகள் இருந்தார்களே, இவர்களுக்கு யார் ஹஜ்ரத்?" என்றான். தென் வியட்நாம் அரசு காய்சான் போன்ற இடங்களில் நிலம் கொடுத்துக் குடியமர்த்தியதைச் சொன்னேன்.

சொல்லாமல் விட்டதும் ஒன்று உண்டு. 1975 ஏப்ரல் 30-இல் சைகோன் வீழ்ந்த பின் நம்மவர்களும் கடைகளை இழந்து தாயகம் திரும்பினார்கள். சிலரோடு அவர்கள் மணந்த வியட்நாமியப் பெண்களும் பிள்ளைகளும் வந்தார்கள். மொழி தெரியாது, பிறந்தகம் கிடையாது. அவர்களுக்கு அன்சாரிகள் நாம்தாம். உங்கள் குடும்பத்தில் அவ்வாறு வந்த பெரியம்மாவோ சாச்சியோ இருந்திருந்தால், வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்: அவருடைய சொந்த ஊர் எது? அவரைப் பெற்ற தாயின் பெயர் என்ன?