கராஜிற் போகும் உயிருக்கு யார் பொறுப்பு?

லொறியின் கீழ்ப் படுத்து வேலை செய்த ஒருவர் நசுங்கி மாண்டால், "அவன் தலைவிதி" என்று கூறிக் கலைந்து செல்வது நம்மவர் வழக்கம். சட்டத்துக்குத் தலைவிதி தெரியாது. அத்தீங்கைத் தடுக்கும் கடமை யாருக்கு இருந்தது என்பதையே அது கேட்கும்.

1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் பெரிய ஆலைகளுக்கு மட்டும் உரியதெனப் பலர் எண்ணுகின்றனர். ஊதியத்துக்கு ஆள் வைத்துப் பழுதுபார்க்கும் இடமும் அச்சட்டத்தின்படி தொழிற்சாலையே. தகரக் கொட்டகையில் நடக்கும் கராஜ் அதற்குப் புறம்பானதன்று. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமோ, வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேரும் விபத்துக்கு முதலாளியே ஈடு செய்ய வேண்டும் என்கிறது. ஆனால், நொறுங்கிய கையை நட்டஈடு திருப்பித் தருமா? காப்பு முன்னே வர வேண்டும்.

அதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஜக் தூக்குவதற்கு உரியது. பாரத்தைத் தாங்கி நிற்பதற்கு உரியதன்று. உறுதியான சமதரையில் லொறியை நிறுத்தி, நிலத்திலுள்ள சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, பாரத்தை இரும்புத் தாங்கிகள்மீது இறக்கிய பின்னரே ஒருவர் கீழே செல்லலாம். செங்கல்லும் சீமெந்துக் கல்லும் தாங்கியாகா. அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும். உயர்த்திய ரிப்பர்ப் பெட்டியை எண்ணெய் அழுத்தத்தை மட்டும் நம்பி விடுவதும் அத்தகையதே. ஒரு குழாய் வெடித்தால் பெட்டி கீழே விழும். வெறும் பெட்டியாயினும் முட்டுக் கொடுத்தே வேலை தொடங்க வேண்டும்.

பூட்டு வளையம் கொண்ட றிம் இன்னும் கொடியது. லொறி ரயரின் காற்றழுத்தத்தில் அவ்வளையம் கழன்றால் பீரங்கிக் குண்டெனப் பாயும். வால்வின் ஊசியைக் கழற்றிக் காற்றை முற்றாக வெளியேற்றிய பின்பே றிம்மைப் பிரிக்க வேண்டும். பூட்டியபின் இரும்புக் கூட்டினுள் வைத்து, எட்ட நின்றே காற்றடிக்க வேண்டும். அமெரிக்காவில் 1980 ஆம் ஆண்டிலேயே இவற்றை ஒழுங்குவிதி கட்டாயமாக்கியது. அங்குள்ள தொழிலாளியின் உயிர் மட்டுந்தானா பெறுமதியுடையது?

"பையன் கை பழகியவன்" என்பர் முதலாளிமார். பழகிய கை பத்துத் தொன் இரும்பைத் தாங்குமா?

கமக்காரரே, நமக்கும் இதிற் பங்குண்டு. நெல்லும் வெங்காயமும் ஏற்ற வேண்டிய லொறி பழுதுபட்டு நின்றால், "கெதியாய் முடி" என்று நெருக்குபவர் நாமே. அந்த அவசரமே முட்டையும் தாங்கியையும் மறக்கச் செய்கிறது. தாங்கியும் கூடும் இல்லாத கராஜில் எம் வாகனத்தை விடோம் என்று கமக்காரர் சங்கங்கள் தீர்மானிக்கட்டும். ஒரு மாதத்தில் அவை வந்துசேரும்.

தொழிலாளரே, தனித்து மறுப்பவன் வேலையை இழப்பான். சேர்ந்து மறுப்போரை விலக்குவது எளிதன்று. சங்கமாகக் கூடுங்கள். தொழில் திணைக்களத்தின் பரிசோதகரைக் கராஜுக்கு அழையுங்கள். முறைப்பாட்டை எழுதித் தருவது சட்டத்தரணிகளாகிய எங்கள் கடமை. அதற்குக் கூலி கேட்பது வெட்கக்கேடு.