ஏவுவோர்க்கு மாலை, காப்போர்க்கு மௌனம்

ஏவூர்தி கிளம்பும் நாளில் நம் நாளேடுகளுக்கு முதற்பக்கம் போதுவதில்லை. ஏவிய கோள் எதன்மீதும் மோதாதிருக்க இரவும் பகலும் கணக்கிடுவோருக்கோ உட்பக்கத்தில்கூட ஒரு வரி கிடைப்பதில்லை. இதை வெறும் இதழியல் குறையாக நாம் கருதவில்லை. ஏவுதல் வீரம், காத்தல் எடுபிடி வேலை என்னும் மனப்பாங்கே இதன் அடியில் கிடக்கிறது. அதைத்தான் இங்கு மறுக்க விழைகிறோம்.

'விண்வெளிக் குப்பை' என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. குப்பை போட்ட இடத்தில் கிடக்கும். இதுவோ தாழ்ந்த சுற்றுப்பாதைகளில் நொடிக்கு 7 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பாய்வது. 2009 பிப்ரவரி 10 அன்று, சைபீரியாவுக்கு மேலே ஏறத்தாழ 790 கிலோமீட்டர் உயரத்தில், இயங்கிக்கொண்டிருந்த இரிடியம் 33 கோளும் செயலிழந்திருந்த ரஷ்யாவின் காஸ்மாஸ் 2251 கோளும் மோதின. பின்தொடரத்தக்க துண்டுகள் மட்டும் 2000க்கு மேல் சிதறின. ஒரு சிதறல் அடுத்த மோதலுக்கு விதையாகும் என்று கெஸ்லரும் கூர்-பலேயும் 1978லேயே எழுதியிருந்தார்கள். இன்று ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட துண்டுகள் பத்து இலட்சத்தைத் தாண்டும் என்பது ஐரோப்பிய விண்வெளி முகமையின் மதிப்பீடு. கண்காணிப்புப் பட்டியல்களில் இருப்பவை அவற்றுள் மிகச் சிறு பங்கே.

இந்தக் கணக்கைச் சூரியனும் கலைக்கிறது. காந்தப்புயலின்போது மேல்வளிமண்டலம் சூடேறி விரிகிறது. கோள்களின் மீது காற்றின் இழுவை கூடுகிறது. முன்கணித்த பாதைகள் பிசகுகின்றன. 2022 பிப்ரவரியில் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் கோள்களில் ஏறத்தாழ 40 கோள்களை வீழ்த்தியது ஒரு பெரும்புயலன்று, மிதமான புயல்தான். ஆகவே துண்டுகளைக் கண்காணிப்பதும் சூரியனைக் கண்காணிப்பதும் ஒரே வேலையின் இரு பகுதிகள். கொடைக்கானல் ஆய்வகத்தில் அமர்ந்து, சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் 1909இல் கண்டறிந்தார். ஆதித்யா-எல்1 கலம் 2023இல் கிளம்பியது. பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்கும் மரபு நமக்குப் புதிதன்று. அதற்கு மதிப்பளிக்கும் மரபுதான் இல்லை.

நிற்க. 2019 மார்ச் 27 அன்று இந்தியா தன் கோள் ஒன்றை ஏவுகணையால் தகர்த்தது. துண்டுகள் சில வாரங்களில் விழுந்துவிடும் என்றது அரசு. சில துண்டுகள் ஓராண்டு கடந்தும் சுற்றின. சீனா 2007இல் தகர்த்த உயரத்தோடு ஒப்பிட, 300 கிலோமீட்டருக்கு உட்பட்ட உயரத்தைத் தேர்ந்தது பொறுப்பான செயல்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் 2022 டிசம்பரில், இத்தகைய தகர்ப்புச் சோதனைகளைக் கைவிடுமாறு நாடுகளைக் கோரும் தீர்மானம் ஐ.நா. பொதுச்சபைக்கு வந்தபோது, 155 நாடுகள் ஆதரிக்க, இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றது ஏன்? அதே ஆண்டு ஜூலையில்தான் பெங்களூரில் இஸ்ரோவின் விண்வெளிப் பாதுகாப்பு மையம் திறக்கப்பட்டது. 2030க்குள் சிதைவுகளை உண்டாக்காத விண்வெளிப் பயணங்கள் என்ற உறுதிமொழியும் 2024இல் தரப்பட்டது. கண்மாய்க் கரையை உடைக்கும் உரிமையை விட்டுத்தராதவன், நீர்க்கட்டிக்குக் கூலி கொடுப்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாமா?

தேசப் பாதுகாப்பு என்பார்கள் சிலர். சிதறிய துண்டுக்குத் தேசம் தெரியாது. அது நம் புயல் எச்சரிக்கைக் கோளையும் தாக்கும். மீனவர் கடலுக்குள் போவதும் திரும்புவதும் அத்தகைய கோள்களை நம்பித்தான். வல்லரசுகள் முதலில் திருந்தட்டும் என்பது இன்னொரு வாதம். பொதுக்கண்மாயில் அப்படிக் காத்திருந்த ஊர்களின் கதி நமக்குத் தெரியும்.

நாம் கேட்பவை இரண்டே. இனி எந்த உயரத்திலும் கோள்களைத் தகர்த்துச் சோதிப்பதில்லை என்று இந்தியா வெளிப்படையாக அறிவிக்கவேண்டும். கண்காணிப்புத் தரவுகளில் பாதுகாப்புக்கு ஊறு செய்யாதவற்றை எல்லார்க்கும் திறந்துவைக்க வேண்டும். முதலாவதற்குப் பணமே தேவையில்லை. துணிவு மட்டும் போதும். தகர்க்கும் துணிவு இருந்ததை 2019இல் உலகுக்குக் காட்டினோம். தகர்ப்பதில்லை என்று சொல்லும் துணிவு அதனினும் பெரிது.