அழிக்க முடியாத கோடு

ஸ்ரீவராகம் கோயில் குளத்தின் படித்துறையில் மாலை வேளைகளில் சற்று நேரம் அமர்ந்திருப்பது நமது நெடுநாளைய வழக்கம். சென்ற மாதம் அங்கே நம் அருகில் வந்து அமர்ந்த அன்பர் ஒருவர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஏதோ இரகசியம் பேசுபவரைப்போல் ஒரு கேள்வி கேட்டார்: "அண்ணாச்சி, இந்த வயசுக்கு மேலே பேனாவைப் பிடிச்சுப் படம் போட வருமா?"

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகின்றன. வாழ்நாள் முழுதும் கணக்கு எழுதிய கை. சிறு வயதில் வாரப் பத்திரிகைகளில் வந்த கறுப்பு வெள்ளைச் சித்திரங்களைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்தவராம். "வரும்" என்று உடனே சொல்லிவிட்டோம். சொன்ன பிறகு அதற்குப் பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. ஆதலால் இம்மாதம் இப்பகுதியை மைக்கோட்டுச் சித்திரத்திற்கே ஒதுக்குகிறோம்.

தமிழ் மக்களுக்கு மைக்கோடு புதிதன்று. நம் முன்னோர் எழுத்தாணியால் ஓலையில் கீறி, பின்னர் கரியைத் தடவி, கீறிய இடம் கறுப்பாகத் தெரியும்படி செய்தனர். கீறியது கீறியதுதான்; அதனை அழிக்க வழியில்லை. நமது கோட்டைப் பகுதியில் 2022ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஓலைச்சுவடி அருங்காட்சியகத்திற்குச் சென்று பார்ப்பவர்கள், அந்தக் கைகளின் துணிவை நேரில் காணலாம். நம் இல்லங்களில் தாய்மார்கள் விடியற்காலையில் இடும் கோலமும் அத்தகையதே. புள்ளி வைத்தபின் இழை தயங்குவதில்லை. தயங்கினால் மாவு அங்கே திரண்டுவிடும். ஆதலால் கோலமிடத் தெரிந்த கை, பேனாச் சித்திரத்தின் முதற்பாடத்தை முன்னரே கற்ற கை என்று நாம் துணிந்து கூறுவோம்.

நம் அன்பர் கத்தரித்துச் சேர்த்த பத்திரிகைச் சித்திரங்கள் பெரும்பாலும் கோடுகளாலேயே அமைந்திருந்ததற்கு அழகு மட்டும் காரணமன்று. அச்சுத்தொழிலும் ஒரு காரணம். அந்நாளில் சித்திரத்தைத் துத்தநாகத் தகட்டில் பிளாக் செய்து அச்சிட்டனர். கோட்டு பிளாக்குக்குக் கறுப்பு தெரியும், வெள்ளை தெரியும். இடைப்பட்ட சாம்பல் நிறம் தெரியாது. புகைப்படத்தையோ வண்ணப் படத்தையோ அச்சிட வேண்டுமானால் புள்ளிப்புள்ளியாகப் பிரிக்கும் ஹாப்டோன் பிளாக் வேண்டும். அதற்கு வழுவழுப்பான நல்ல தாளும் வேண்டும். மலிவான தாளில் தெளிவாகத் தெரிவது கோடு ஒன்றே. ஆகவே நிழலையும், பட்டுப் புடவையின் மினுக்கத்தையும், கருங்கல்லின் சொரசொரப்பையும் வெறுங்கோடுகளாலேயே காட்டவேண்டிய கட்டாயம் ஓவியர்களுக்கு ஏற்பட்டது. அந்தக் கட்டாயத்திலிருந்தே ஓர் அரிய கலை வளர்ந்தது.

அக்கலையில் தலைசிறந்தவர்களில் ஒருவர் 'சில்பி'. 1919இல் பிறந்த சீனிவாசன் என்னும் இவர் நாமக்கல்லைச் சேர்ந்தவர். தாமும் ஓர் ஓவியராக விளங்கிய நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளையின் ஊக்கத்தால் சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்றார். ஆனந்த விகடனில் இவருக்குச் 'சில்பி' என்று பெயர் சூட்டியவர் ஓவியர் மாலி. 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்ற தலைப்பில் இவர் வரைந்த கோயிற் சிற்பங்களை எத்தனையோ குடும்பங்கள் இன்றும் பாதுகாத்து வைத்திருக்கின்றன. இவர் கோயில்களுக்கு நேரில் சென்று, சிற்பத்தின் முன்னால் அமர்ந்து, பார்த்துப் பார்த்து வரைந்தார். கல்லின் மீது ஒளி எங்கே விழுகிறது, எங்கே மறைகிறது என்பதைப் பேனாவால் கணக்கெடுத்தார் எனலாம். 1983இல் மறைந்த அப்பெரியார் மேதையாகப் பிறந்தவராகவே இருக்கட்டும். ஆயினும் அவர் நமக்கு விட்டுச்சென்ற பாடம் மேதைமை பற்றியதன்று, பொறுமை பற்றியது.

கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்ற கோபுலு (1924–2015) ஒரே கோட்டில் ஒரு மனிதரின் நடையையும் குணத்தையும் காட்டினார். துறையூரை அடுத்த கீராம்பூரில் பிறந்த ஆதிமூலம் (1938–2008) காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969இல் அண்ணலின் வாழ்வைக் கோட்டோவியங்களாகவே வரைந்தார். நாம் வாழும் இந்நாட்டினரும் இக்கலையில் பின்தங்கியவரல்லர். பொன்னானியில் 1925இல் பிறந்து 2023இல் மறைந்த ஓவியர் நம்பூதிரியின் கோடுகளை மாத்ருபூமி வார இதழில் கண்டு மகிழ்ந்த அயல்வீட்டுக்காரர்கள் நம் ஒவ்வொருவருக்கும் உண்டு. அவரும் பயின்றது சென்னை ஓவியப் பள்ளியிலேதான். கோட்டிற்கு மொழி எல்லை இல்லை என்பது இதனால் விளங்கும்.

இனிக் கருவிகளைப் பார்ப்போம். ஒரு தொட்டெழுதும் கட்டைப்பேனா, கூர்மையான இரண்டு மூன்று நிப்புகள், ஒரு புட்டி கறுப்பு இந்தியன் இங்க், வழுவழுப்பான கெட்டித்தாள், ஒரு பென்சில், ஒரு ரப்பர், நிப்பைத் துடைக்க ஒரு பழந்துணி: இவ்வளவே போதும். புதிய நிப்பின் மேல் துருப்பிடிக்காதிருக்க எண்ணெய்ப் பூச்சு இருக்கும். அதனை நன்கு துடைத்த பின்னரே மையில் தோய்க்கவேண்டும். இல்லையேல் மை நிப்பில் ஒட்டாது உருண்டோடும். நிப்பு முழுவதையும் மையில் மூழ்கவிடாமல் பாதியளவே தோய்த்து, புட்டியின் விளிம்பில் மெல்லத் தட்டிய பின் தாளுக்குக் கொண்டு வருக.

ஓர் எச்சரிக்கை. நீர்பட்டால் கரையாத இந்தியன் இங்க்கில் அரக்குப் பசை சேர்ந்திருக்கும். அதனை மறந்தும் உங்கள் பவுண்டன் பேனாவில் ஊற்றவேண்டா. உள்ளே உறைந்து பேனா பாழாகிவிடும். நாம் அவ்வாறு ஒரு நல்ல பேனாவைப் பலி கொடுத்தவர்கள்; ஆதலால் அனுபவத்தில் சொல்லுகிறோம். கட்டைப்பேனா கிடைக்காதவர்கள் கடைகளில் விற்கும் நீர்படா மைப்பேனாக்களைக் கொண்டும் தொடங்கலாம், குறைவொன்றுமில்லை.

இவ்வூரின் மழையையும் கருத்தில் கொள்ளவேண்டும். இடவப்பாதி தொடங்கிவிட்டால் தாள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதன் மேல் இட்ட கோடு வேர் விட்டதுபோல் படரும். அது உங்கள் கையின் குற்றமன்று. தாளை இரண்டு அட்டைகளுக்கு நடுவே அலமாரியில் வைத்துக் காப்பாற்றுக.

முதல் வாரம் எப்பொருளையும் வரைய வேண்டா. ஒரு சிறு சதுரம் போட்டு, அதனை இணைகோடுகளால் நிரப்புக. அதன்மேல் குறுக்காக வேறொரு வரிசை கோடுகள் இடுக. சதுரம் முழுவதும் ஒரே அளவான சாம்பல் நிறமாகத் தோன்றும்வரை இதனைச் செய்க. இது நம் கற்பனை அன்று. காந்தியடிகளின் உள்ளத்தை மாற்றிய நூலை எழுதியவர் என்று நாம் அறிந்திருக்கும் ரஸ்கின், சித்திரம் பயிலத் தொடங்குபவர்களுக்கென 1857இல் வெளியிட்ட நூலிலும் முதற்பயிற்சி இத்தகைய சதுரமே. கேட்பதற்கு எளிது, செய்து பார்த்தால்தான் அதன் கடுமை தெரியும். நம் அன்பர் பதினெட்டுச் சதுரங்கள் போட்ட பிறகே ஒன்று தேறிற்று. ஆனால் அதற்குள் கையின் நடுக்கம் பாதி குறைந்துவிட்டது.

இரண்டாவது வாரம் கோட்டின் பல வகைகளைப் பழகுக. நிப்பைத் தன்பால் இழுத்தால் கோடு வழுக்கிச் செல்லும். எதிரே தள்ளினால் தாளைக் கீறி மை தெறிக்கும். ஆகவே கையைத் திருப்புவதைவிடத் தாளைத் திருப்புவது நன்று. நீண்ட கோட்டிற்கு மணிக்கட்டை விடுத்துத் தோளிலிருந்து கையை அசைக்கவேண்டும். வலக்கையர் தாளின் இடப்புறம் மேலிருந்து தொடங்கினால் ஈர மையின் மேல் கை படாது. இடக்கையர் வலப்புறமிருந்து தொடங்குக. பென்சில் கோட்டை அழிப்பதற்கு முன் மை முற்றும் உலர்ந்ததா என்று பார்த்துக்கொள்க. பொறுமை இழந்து ரப்பரைத் தேய்த்துப் படம் முழுவதையும் கரிக்கோலமாக்கியவர் பலர்.

தவறான கோடு விழுந்துவிட்டால் என் செய்வது? இதுவே எல்லோரும் கேட்பது. சுரண்டலாம், வெள்ளை பூசலாம் என்று தேர்ந்தவர்கள் வழி சொல்லுவார்கள். தொடங்குபவர்களுக்கு நாம் கூறுவது வேறு. அதனை அப்படியே விட்டுவிட்டு, அதன் பக்கத்திலேயே சரியான கோட்டை இடுக. பார்ப்பவர் கண் சரியான கோட்டையே பற்றிக்கொள்ளும். தவற்றுக்கு அஞ்சி மெல்ல மெல்ல ஒட்டுப்போட்டு இழுத்த கோட்டைவிட, தவறானாலும் துணிந்து இழுத்த கோடு உயிருள்ளது.

மூன்றாவது வாரம் வெளியே செல்லலாம். நம் ஊரில் பொருளுக்குப் பஞ்சமா? ஸ்ரீவராகம் குளத்தின் படிகளே போதும். நேர்கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுத்துச் செல்வதை அங்கே கற்கலாம். சற்றுத் தூரம் நடந்தால் பத்மதீர்த்தம். கரையில் தாடி முகமும் இரண்டு ஆடுகளும் கொண்ட மேத்தன் மணி. குழந்தைகளுக்கு இதைவிட உற்சாகமான பொருள் கிடையாது. குதிரைமாளிகையின் மேல்தளக் கூரையைத் தாங்குவனபோல் 122 மரக்குதிரைகள் உள்ளன. அவற்றில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்க. பத்மநாபசுவாமி கோயிலின் ஏழுநிலைக் கோபுரத்தைக் கண்டதும் அனைத்தையும் வரைந்துவிட ஆசை எழும். அந்த ஆசையை அடக்குக. முதல் நாள் வெளிவடிவம் மட்டும்; மறுநாள் ஒரு நிலை மட்டும்.

இவ்வளவும் எதற்காக? கைப்பேசியை நீட்டினால் நொடியில் படம் கிடைக்கும் காலத்தில் இந்த உழைப்பு வீணன்றோ என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். அதற்கு விடையாக நமக்கு நேர்ந்த ஒன்றைக் கூறுகிறோம்.

நாம் பிறந்த வீடு நாகர்கோவிலை அடுத்த ஒரு சிற்றூரில் இருந்தது. பாகப்பிரிவினைக்குப் பின் கைமாறி, இடிக்கப்பட்டு, அங்கே இன்று வேறொரு கட்டடம் நிற்கிறது. பேனாப் பழக்கம் ஓரளவு கைவந்தபின், அவ்வீட்டை நினைவிலிருந்து வரைந்துவிடலாமென்று ஒருநாள் அமர்ந்தோம். இருபது ஆண்டுகள் ஓடி விளையாடிய திண்ணை. ஆயினும் பேனாவை எடுத்தவுடன் கை நின்றுவிட்டது. திண்ணையில் தூண்கள் மூன்றா, நான்கா? தெரியவில்லை. பம்பாயிலுள்ள அக்காளைத் தொலைபேசியில் கேட்டோம். "மூணுதான், நடுத்தூணிலேதான் நீ மண்டையை உடைச்சுக்கிட்டே" என்றார். சென்னையிலுள்ள அண்ணன் நான்கு என்றார். பழைய புகைப்படங்களையெல்லாம் புரட்டினோம். ஒவ்வொன்றிலும் வீட்டின் முன்னால் மனிதர்கள் வரிசையாக நின்று தூண்களை மறைத்திருந்தனர். கூறக்கூடிய ஒரே ஆள் எங்கள் தாயார், அவர் காலமாகிவிட்டார்.

அந்தத் தாள் இன்றும் முடிவுறாமல் நம் மேசையில் கிடக்கிறது. நாம் அவ்வீட்டில் வாழ்ந்தோமேயன்றி, அதனை ஒருநாளும் பார்க்கவில்லை. புகைப்படம் எடுக்கப் பார்க்க வேண்டியதில்லை. பொத்தானை அழுத்தினால் போதும். வரைபவன் தூண்களை எண்ணியே ஆகவேண்டும்.

நம்மில் பலர்க்கு ஊரில் இன்னும் வீடு நிற்கிறது. எண்ணிக்கையைச் சொல்லத் தெரிந்த பெரியவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் என்றும் இருப்பவை அல்ல. அடுத்த முறை திருவிழாவுக்கோ திருமணத்துக்கோ செல்லும்பொழுது ஒரு நோட்டையும் பேனாவையும் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று வேண்டுகிறோம். அழகாக வரவேண்டும் என்பதில்லை. தூண்கள் சரியாக இருந்தால் போதும்.

நம் படித்துறை அன்பரின் செய்தியைக் கூறி முடிக்கிறோம். ஆறு வாரம் கழித்து அவர் ஒரு தாளைக் கொண்டு வந்து காட்டினார். அவர் வீட்டுக் கொல்லையில் பயனின்றிக் கிடக்கும் ஆட்டுக்கல்லை வரைந்திருந்தார். குழவி ஒருபுறம் சாய்ந்துதான் இருந்தது. நிழற்கோடுகள் சில இடங்களில் மோதிக்கொண்டன. ஆனால் கல், கல்லாகத் தெரிந்தது. அவர் வரைந்துகொண்டிருந்தபொழுது, ஏழாம் வகுப்பில் மலையாளமும் ஆங்கிலமும் பயிலும் பேத்தி அருகே வந்து, "இது என்ன தாத்தா? இதுக்குப் பேர் என்ன?" என்று கேட்டாளாம். அவர் குழவி என்றார், குழி என்றார். அவள் எழுதிக் காட்டச் சொன்னாள். படத்தின் ஓரத்தில் அவர் தமிழில் எழுதினார். அதன் கீழே அவளும் எழுத்துக்கூட்டி எழுதினாள். அந்தக் கோணல் எழுத்துக்களும் மையால் எழுதப்பட்டவையே.

நம் சங்கத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றும் வீட்டில் உள்ள பழம்பொருள் ஒன்றையேனும், அம்மியோ, குத்துவிளக்கோ, அஞ்சறைப்பெட்டியோ, பேனாவால் வரைந்து, உறுப்புக்களின் பெயர்களைத் தமிழில் எழுதி, அடுத்த கூட்டத்திற்குக் கொண்டு வருமாறு அழைக்கிறோம். பரிசு ஒன்றுமில்லை. ரப்பரை வீட்டிலேயே வைத்துவிட்டு வருக.