சோம்பல் அல்ல, சோர்வு!

உத்திரமேரூரை அடுத்த மானாம்பதியிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய ஓரகத்திக்கு மூன்று மாதங்களாக எதிலும் பிடிப்பு இல்லையாம். விடிவதற்கு வெகு நேரம் முன்பே விழிப்பு வந்துவிடுகிறது, சோறு இறங்குவதில்லை, குழந்தை ஓடிவந்து மடியில் ஏறினாலும் முகத்தில் மலர்ச்சி இல்லை. வீட்டில் "சோம்பேறி" என்று பெயர் சூட்டிவிட்டார்கள். இதற்கிடையில் யாரோ ஒருவர், "மூளையில் துரு ஏறியிருக்கிறது. இதைச் சாப்பிட்டால் போய்விடும்" என்று ஒரு மாத்திரை டப்பாவைக் காட்டி 2,000 ரூபாய் கேட்கிறாராம். வாங்கலாமா என்பது சகோதரியின் கேள்வி.

வாங்க வேண்டாம், அம்மா! ஆனால் அந்த மனிதர் சொன்னது முழுப் பொய்யும் அல்ல. முழுப் பொய்யைவிடப் பாதி உண்மைதான் ஆபத்தானது. ஆகையால் சற்று விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

வாழைப்பூவை நறுக்கியதும் மோர் கலந்த தண்ணீரில் போடுகிறோம், அல்லவா? வெளியே வைத்தால் கறுத்துவிடும். காற்றிலுள்ள பிராணவாயு செய்கிற வேலை அது. திறந்து வைத்த எண்ணெய் காறிப்போவதும், இரும்பு துருப்பிடிப்பதும் அதனால்தான். நமக்கு உயிர் கொடுக்கும் பிராணவாயுவுக்கு இப்படியும் ஒரு குணம் உண்டு.

நம் தேகத்துக்குள்ளும் இதே கதைதான். உயிரணுக்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணிய அடுப்புகள் இருக்கின்றன. பிராணவாயுவின் துணையால் ஆகாரத்தைச் சக்தியாக மாற்றுபவை அவை. அடுப்பு எரிந்தால் பொறி பறக்காதா? அந்தப் பொறிகள் அக்கம்பக்கத்தைச் சுட்டுவிடாமல் அணைக்க, குளூட்டாதயோன் போன்ற பொருள்களை உடம்பே தயாரித்துக்கொள்கிறது. உணவிலிருந்து கிடைக்கும் வைட்டமின் ஸி, வைட்டமின் ஈ இரண்டும் கை கொடுக்கின்றன. பொறி மிகுந்து, அணைக்கும் சக்தி குறைந்துபோனால் அதை 'ஆக்ஸிஜனேற்ற அழுத்தம்' என்கிறார்கள் விஞ்ஞானிகள்.

மூளைக்கு இதனால் அபாயம் அதிகம். உடம்பின் எடையில் மூளை நூற்றுக்கு 2 பங்குதான். ஆனால் உடம்பு செலவழிக்கும் பிராணவாயுவில் சுமார் 20 பங்கு அதற்கே போய்விடுகிறது! தவிர, மூளை கொழுப்பு மிகுந்த உறுப்பு. மனச்சோர்வு கண்டவர்களின் இரத்தத்தைச் சோதித்த பல ஆராய்ச்சிகளில், கொழுப்பு காறும்போது உண்டாகும் மலோண்டியால்டிஹைடு என்ற பொருள் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்பட்டது. சிகிச்சைக்குப் பின் அது குறைவதையும் கண்டிருக்கிறார்கள்.

இதிலிருந்து தெரிவது என்ன? மனச்சோர்வு வெறும் மனப்பிரமை அல்ல. உடம்பிலும் அதன் சுவடு இருக்கிறது. ஆனால் சோர்வினால் பொறி மிகுந்ததா, பொறி மிகுந்ததனால் சோர்வு வந்ததா? தூக்கம் கெட்டாலும், சாப்பாடு குறைந்தாலும்கூட இந்தப் பொருள் கூடலாமே! கோழி முதலா, முட்டை முதலா என்ற அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

அதற்குள் மாத்திரை விற்க ஆட்கள் புறப்பட்டுவிட்டார்கள். பின்லாந்து தேசத்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. பொறி அணைக்கும் என்று நம்பி பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்தார்கள். 1994-இல் முடிவு வந்தது: மாத்திரை தின்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் நூற்றுக்கு 18 பங்கு அதிகம்! நல்ல பொருளே ஆனாலும், டப்பாவில் அடைத்து அள்ளித் தின்றால் நன்மைதான் செய்யும் என்று சொல்வதற்கில்லை.

சாப்பாட்டின் சங்கதி வேறு. ஆஸ்திரேலியாவில் மனச்சோர்வுக்காரர்கள் 67 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்குக் காய்கறி, பழம், பருப்பு, மீன் கொண்ட உணவைப் பழக்கினார்கள். மறு சாராருடன் நட்பாகப் பேசிப் பொழுது போக்கினார்கள். 12 வாரத்தில் முதல் சாராரில் நூற்றுக்கு 32 பேரும், மற்றவர்களில் 8 பேரும் தேறினார்கள். 2017-இல் வெளியான இது சிறிய சோதனைதான். அவர்களில் பலர் வைத்தியமும் செய்துகொண்டிருந்தவர்கள். ஆனாலும் நெல்லிக்காய், முருங்கைக்கீரை, வேர்க்கடலை, பயறு இவற்றால் கெடுதல் ஒன்றும் இல்லையே! உணவு துணைதான், வைத்தியத்துக்கு மாற்று அல்ல.

ஆகவே, முதலில் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். இரத்தசோகையும் தைராய்டு குறைவும் இதே வேஷம் போடும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள். அவை இல்லையென்றால் மனநல வைத்தியரைப் பார்க்க வேண்டும்.

"கீழ்ப்பாக்கம்" என்றாலே கேலியும் பயமுமாக நினைப்பவர்கள் இன்னும் உண்டு. அந்த ஆஸ்பத்திரிக்கே 1961-இல் தலைமை ஏற்றவர் ஒரு பெண்மணி, டாக்டர் சாரதா மேனன். மனநோயும் மற்ற வியாதிகளைப் போன்றதே, குடும்பத்தின் அரவணைப்பும் அதற்கு மருந்து என்று வாழ்நாளெல்லாம் பாடுபட்டவர் அவர். இன்று அவ்வளவு தூரம் போகக்கூட வேண்டாம். 14416 என்ற 'டெலி மனாஸ்' எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் காசில்லாமல் தமிழிலேயே பேசலாம். "உயிரோடிருந்து என்ன பயன்?" என்று ஒரு வார்த்தை வந்தால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள், தனியே விடாதீர்கள்.

மாத்திரை எழுதித் தந்தால் பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகலாம். பாதியில் தாமாக நிறுத்தக்கூடாது. அதுவரை வீட்டார் செய்யக்கூடிய வைத்தியம் ஒன்று உண்டு. சர்க்கரை வியாதிக்காரரை "உனக்கு மனசு வைத்தால் போய்விடும்" என்று யாரும் சொல்வதில்லை. சோர்ந்து கிடப்பவளையும் அப்படிச் சொல்லாமல் இருங்கள். அதற்கு ஒரு காசும் செலவில்லை!