ஆக்டிங் துரையும் மரத்தின் பட்டையும்

மாக் மண்டின் ஆலையானாலும் பால்மரத் தோட்டமானாலும், மானேஜர் நாற்காலி காலியானால் இடைக்காலத்துக்கு ஒருவரை அமர்த்துகிறார்கள். நமக்கு இது புதிதா? வெள்ளைக்காரத் துரை சீமைக்கு லீவில் போனபோதெல்லாம் நம் பாட்டனார்கள் ‘ஆக்டிங் துரை’யைக் கண்டவர்கள்தாம்.

வருகிறவர்மேல் நமக்குப் பகையில்லை. மாதம் எத்தனை கிலோ பால் என்று மட்டும் கம்பெனி கேட்டால் அவர் என்ன செய்வார்? கத்தியை ஆழமாக ஓட்டச் சொல்வார். உள்ளே போகப் போகப் பால் கூடத்தான் செய்யும். உயிர்ப்படலத்துக்கு மேல் 1 மில்லிமீட்டர் பட்டையாவது விடாவிட்டால் மரம் காயப்படும். புதுப்பட்டை மேடும் பள்ளமுமாய் வளரும். மறுபடி அங்கே கத்தி வைக்கப் பல ஆண்டு ஆகும். அதற்குள் அவர் எங்கேயோ! நிறை குறைந்ததென்று ஏச்சு வாங்குபவர் பால்வெட்டுத் தொழிலாளி. நான் கிராணி, செக்ரோல் எழுதுகிறவன். அதில் பட்டைக்குக் கட்டமே இல்லை.

இடைக்கால மானேஜர் பொறுப்பேற்கும் நாளிலும் விட்டுப்போகும் நாளிலும் பட்டையைப் பார்த்து எழுதி, சங்கக் கமிட்டியார் முன் கையெழுத்திடட்டும். ஆலை இயந்திரத்துக்கும் அப்படியே.