எண்ணினால்தான் திருத்தலாம்

மென்பொருள் எழுதுற எங்களுக்கு ஒண்டு தெரியும்: பதிவாகாத பிழையை ஆரும் திருத்த மாட்டினம். முதியோரை வதைக்கிறதும் அப்பிடித்தான்.

நோர்வே சுமார் 55 லட்சம் பேர் வாழுற சின்ன நாடு. ஆனாலும் இதை ஆராய அரசின் ஆராய்ச்சி மன்றம் காசு ஒதுக்கியது. துறொன்ஹெய்ம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 100 முதியோர் பராமரிப்பு இல்லங்களின் பணியாளர்களிடம் கேட்டு, 2020 இல் முடிவை வெளியிட்டார்கள். முந்தின ஒரு வருசத்தில் வதையையோ புறக்கணிப்பையோ கண்டதாக 76 சதவீதமானோரும், தாங்களே அப்பிடி நடந்ததாக 60 சதவீதமானோரும் சொன்னார்கள். அடியை விட ஏச்சும், கவனியாமல் விடுறதும்தான் கூட.

அந்த இல்லங்களில் எங்கட ஆக்களும் வேலை செய்யினம். அதனால இது 'அவையளின்ர' பிரச்சினை இல்லை.

"நாங்கள் அம்மாவை வீட்டிலதானே வைச்சிருக்கிறம்" எண்டு அம்மருட்டில அடிக்கடி கேக்கிறன். நல்லது. ஆனால் அப்பாவின்ர வங்கி அட்டை ஆரிட்ட இருக்கு? "இண்டைக்குப் பேரப்பிள்ளையளைப் பாக்க ஏலாது" எண்டு அம்மா பயமில்லாமல் சொல்லுவாவோ? மொழி தெரியாத அவவுக்கு, எங்களை விட்டால் வைத்தியரிட்டக் கதைக்க ஆர் இருக்கினம்?

நாட்டுக் கணக்கை ஆய்வாளர் எடுப்பினம். வீட்டுக் கணக்கை நாங்கள்தான் எடுக்க வேணும். அடுத்தமுறை வைத்தியரிட்டப் போகேக்க, மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கோ. அம்மாவைத் தனியக் கதைக்க விடுங்கோ.